செய்த கைக்குக் காசு போய்ச் சேருதா? வாசகர் கேள்வி பதில்

கல்யாண சீசன் வந்தாலே இந்தக் கேள்விகள் வந்துவிடும். பெண்கள் செய்த பொருளா வாங்கணும், நாலு பேருக்கு உதவியாவும் இருக்கணும், எங்கே வாங்குவது, யாரை நம்புவது என்று இந்த முறை வடசென்னையிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள். ராயபுரத்தில் உட்கார்ந்து பதில் எழுதுகிற எனக்கு இதெல்லாம் பழகிய தெருக்கள், பழகிய முகங்கள். அதனால் மற்ற தலைப்புகளைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த இதழ் முழுக்க இதற்கே.

தை மாதம் மகளுக்குக் கல்யாணம். தாம்பூலப் பை 300 வேண்டும். மொத்தக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தக் காசு நம் பகுதிப் பெண்களுக்குப் போகட்டும் என்று மகள் பிடிவாதம் பிடிக்கிறாள். எங்கே தேடுவது?
*– ஒரு தாய், ராயபுரம்*

உங்கள் மகளுக்கு முதலில் என் வாழ்த்துகள். நல்ல பிடிவாதம்.

தேடலைத் தூரத்தில் தொடங்க வேண்டாம். உங்கள் தெருவிலேயே ஒரு தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்கும். பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கமெல்லாம் வீட்டிலிருந்தே தைக்கிற பெண்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள். ஒருத்தரால் 300 பை முடியாது என்றால் அவரே தெரிந்த நாலு பேரைச் சேர்த்துக்கொள்வார். அப்படி யாரும் அமையவில்லை என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் கேளுங்கள், உங்கள் வார்டில் தையல் செய்கிற குழு எது என்று சொல்வார்கள். நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டம் பக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகம் இருக்கிறது. அங்கே பண்டிகை நேரத்தில் குழுக்களின் கண்காட்சி நடக்கும், பல மாவட்டத்துப் பெண்கள் சரக்கோடு வருவார்கள், நேரிலேயே பேசி ஆர்டர் கொடுக்கலாம்.

துணிப்பைதான் என்றில்லை. செட்டிநாட்டுக் கொட்டான் என்று பனையோலைப் பெட்டி உண்டு, அந்தப் பக்கத்துப் பெண்கள் பின்னுவது, 2013ல் புவிசார் குறியீடு வாங்கியது. தாம்பூலத்துக்கென்றே பிறந்த பொருள். விலை கூடுதல்தான், 300 பேருக்கும் கொடுக்க முடியாவிட்டால் நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் அதைக் கொடுங்கள், மற்றவர்களுக்கு மஞ்சப்பை. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கிய பிறகு கல்யாணத்தில் மஞ்சப்பை கொடுப்பதை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஓடிப்போய் ஆர்டர் கொடுக்காதீர்கள். வீட்டில் தைக்கிற பெண் சமையல், பிள்ளை, தண்ணீர் லாரி எல்லாம் பார்த்துவிட்டு மதியமும் ராத்திரியும்தான் மிஷினில் உட்காருகிறார். அவசர ஆர்டர் என்றால் அந்த ராத்திரித் தூக்கமும் போகும், பொருளும் கெடும், அப்புறம் ‘பொம்பளைங்க கிட்ட குடுத்தா இப்படித்தான்’ என்று பழி வேறு. ரெண்டு மாதம் முன்னாலேயே சொல்லுங்கள். பாதித் தொகையை முன்பணமாகக் கொடுங்கள், ஏனென்றால் துணி வாங்க அவர் யாரிடமாவது வட்டிக்கு வாங்க நேரிட்டால் உங்கள் லாபமும் அவர் லாபமும் அந்த வட்டிக்காரருக்குத்தான் போகும். ஒரே ஒரு மாதிரிப் பை தைத்து வாங்கி, அதில் ரெண்டு தேங்காய் போட்டுத் தூக்கிப் பாருங்கள். கைப்பிடி சேருகிற இடத்தில் பெருக்கல் குறி மாதிரி குறுக்குத் தையல் போட்டிருந்தால் பை பல வருஷம் நிற்கும். அந்த நாலு தையலுக்குக் கூடுதல் நேரம் ஆகும், ஒரு ரூபாய் சேர்த்துக் கேட்டால் மறுக்காமல் கொடுங்கள். மீதிப் பணத்தைப் பை கைக்கு வந்த அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கல்யாணக் கணக்கெல்லாம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று மேளக்காரரிடமும் பந்தல்காரரிடமும் நாம் சொல்வதில்லை, தையல்காரப் பெண்ணிடம் மட்டும் சொல்கிறோம்.

எம்.சி. ரோட்டில் பேரம் பேசாமல் துணி வாங்கினால் ஏமாளி என்பார்கள். ஆனால் நடைபாதையில் விற்கும் அக்காக்களிடம் பேரம் பேசுவது தப்பு என்று என் தோழி சண்டை போடுகிறாள். யார் சொல்வது சரி?
*– கல்லூரி மாணவி, வண்ணாரப்பேட்டை*

பேரம் தப்பில்லை. எம்.சி. ரோட்டில் சொல்கிற விலையிலேயே பேரத்துக்கும் இடம் வைத்துத்தான் சொல்வார்கள், அது விற்பவருக்கும் தெரியும் வாங்குபவருக்கும் தெரியும். தப்பு எங்கே வருகிறது என்றால், மாடிக் கடையில் ஏசி காற்றில் ஒட்டிய விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, வெயிலில் உட்கார்ந்து ரவிக்கைத் துணி விற்கிறவரிடம் கடைசிப் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டும்போது வருகிறது.

அந்த அக்காவின் காலைப் பொழுது எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கம் தண்டல் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் வீட்டிலும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பேச்சுக்குப் பத்தாயிரம், பிடித்தம் போகக் கையில் வருவது அதைவிடக் குறைச்சல், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் வியாபாரம் இல்லாவிட்டாலும் தண்டல்காரர் சாயந்திரம் வந்து நிற்பார். இந்தக் கடன் கழுத்தை நெரித்ததைப் பார்த்துத்தான் 1978ல் ஜெயா அருணாசலம் இதே சென்னையில் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார், தெருவில் விற்கிற பெண்களுக்குச் சின்னச் சின்னக் கடன் கிடைக்க வழி செய்தார். 2014ல் தெரு வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது, 2020ல் மத்திய அரசு அவர்களுக்கான கடன் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் கடன் 10,000 ரூபாய். இவ்வளவு வந்தும் தண்டல் ஒழியவில்லை.

அதனால் என் யோசனை இது. ஒரு தடவை கேளுங்கள், ‘கொஞ்சம் பார்த்துச் சொல்லுக்கா’ என்று. அவர் குறைத்தால் சந்தோஷம், குறைக்காவிட்டால் அந்த விலைக்கே வாங்குங்கள் அல்லது விட்டுவிடுங்கள். மதியம் வரைக்கும் போணியாகவில்லை என்று தெரிந்துகொண்டு அந்த நெருக்கடியில் விலையை அமுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் தோழி சண்டை போடுவதில் நியாயம் இருக்கிறது.

ஆன்லைனில் ஒரு பை பார்த்தேன், 800 ரூபாய். ‘இதில் 10 சதவீதம் ஏழைப் பெண் குழந்தைகளின் படிப்புக்கு’ என்று போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியுமா?
*– வங்கி ஊழியர், பெரம்பூர்*

வரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கழிக்க முடியாது. நீங்கள் 800 ரூபாய் கொடுத்தீர்கள், பதிலுக்கு ஒரு பை வாங்கிக்கொண்டீர்கள், அது வியாபாரம். 80ஜி என்று சொல்கிற சலுகை, பதிலுக்கு எதுவும் வாங்காமல் பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுக்கிற நன்கொடைக்குத்தான். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. சலுகை கேட்கிறவர்கள் அந்த அமைப்பிடமிருந்து நன்கொடைச் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தப் பத்து சதவீதம். எதில் பத்து? விலையில் பத்து என்றால் 80 ரூபாய். லாபத்தில் பத்து என்றால், கடைக்காரர் வாடகை, விளம்பரம், கூரியர் எல்லாம் கழித்து இந்தப் பையில் எனக்கு 100 ரூபாய்தான் நின்றது என்று சொன்னால் 10 ரூபாய். லாபமே இல்லை என்று சொன்னால் ஒன்றுமே இல்லை. இந்த ஒரு வரியைத் தெளிவாக எழுதாத கடையை நான் நம்ப மாட்டேன். அடுத்தது, எந்த அமைப்புக்கு என்று பெயர் போட்டிருக்கிறார்களா பாருங்கள். பெயர் இருந்தால் அந்த அமைப்புக்கே ஒரு மெயில் போட்டு, இந்தக் கடையிலிருந்து உங்களுக்குப் பணம் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். நேர்மையாக நடத்துகிறவர்கள் இதற்கு ஒருநாளும் கோபப்பட மாட்டார்கள். வீட்டு வாசலுக்கு வந்து அட்டையை நீட்டி ஸ்கேன் பண்ணச் சொல்கிறவர்கள் விஷயத்திலும் இதேதான்: ஸ்கேன் செய்ததும் போனில் தெரிகிற பெயர் அமைப்பின் பெயரா, தனி ஆளின் பெயரா என்று பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதே இல்லை. படிப்புக்கு 80 ரூபாய் போகிறது, சரி. அந்தப் பையைத் தைத்த பெண்ணுக்கு எவ்வளவு போனது? பையை அடிமாட்டுக் கூலிக்குத் தைக்கக் கொடுத்துவிட்டு, மிச்சம் பிடித்த காசில் கொஞ்சத்தை எடுத்து அவர் பிள்ளைக்கே நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துப் போடுவது தர்மம் ஆகாது. அந்தப் பெண்ணுக்கு ஒழுங்கான கூலி போனால் நோட்டுப் புத்தகம் அவரே வாங்கிக்கொள்வார். தானம் கொடுக்க ஆசை இருந்தால் நேராக அமைப்புக்குக் கொடுங்கள், பை வேண்டுமென்றால் தைத்தவருக்கு நல்ல விலை போகிற இடத்தில் வாங்குங்கள். ரெண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் கணக்கும் தெளிவு, மனசும் தெளிவு.

கைத்தறிப் புடவை என்று சொல்லி விசைத்தறிப் புடவையைத் தலையில் கட்டிவிடுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
*– ஆசிரியை, திருவொற்றியூர்*

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது பழகிய கைக்கே கஷ்டம். முத்திரையைப் பாருங்கள். 2006லிருந்து ‘கைத்தறி முத்திரை’ இருக்கிறது, தரம் கூடிய ரகங்களுக்கு 2015ல் ‘இந்தியா கைத்தறி’ என்ற முத்திரையும் வந்தது. சந்தேகமே வேண்டாம் என்றால் கோ-ஆப்டெக்ஸ் போங்கள், 1935லிருந்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்பது அது. கைத்தறிக்கென்று சில வகைத் துணிகளை ஒதுக்க 1985லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், அதை மீறுகிறவர்கள் தைரியமாக மீறுவதற்குக் காரணம் நாம் பில்லில் ‘கைத்தறி’ என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்காததுதான். கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

இன்னொன்று: தறியில் உட்காருவது ஆணாக இருந்தாலும், நூல் சுற்றுவது, பாவு சரிசெய்வது, இழை பிணைப்பது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குத் தனிக் கூலி கிடையாது, புடவைக் கூலியிலேயே அடக்கம். அதனால் கைத்தறி வாங்கினால் அதில் பெண்ணின் உழைப்பும் உண்டு என்று தெரிந்தே வாங்குங்கள்.

ஆரி எம்பிராய்டரி வேலை கற்றுக்கொண்டு மூன்று வருஷமாகக் கடைக்குச் செய்து கொடுக்கிறேன். ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு எனக்கு 1,200 ரூபாய். அதே ஜாக்கெட்டுக்குக் கடையில் 5,000 வாங்குகிறார்கள் என்று போன வாரம்தான் தெரிந்தது. பணமும் இழுத்தடித்துத்தான் தருகிறார்கள். நானே நேரடியாகச் செய்ய முடியுமா? பயமாக இருக்கிறது.
*– 24 வயதுப் பெண், காசிமேடு*

தங்கச்சி, இந்த இதழில் பெரும்பாலானவர்கள் வாங்குவதைப் பற்றிக் கேட்க, செய்கிற கையிலிருந்து வந்த ஒரே கடிதம் உன்னுடையதுதான். அதனால் உனக்குத்தான் நீளமான பதில்.

கடைக்காரர் வாங்குகிற 5,000ல் வாடகை, கரண்ட், துணி கெட்டால் ஈடு, வாடிக்கையாளரோடு மாரடிப்பது எல்லாம் இருக்கிறது, அது உண்மை. ஆனால் டிரேசிங் பேப்பரில் துளை போட்டுப் பவுடர் தேய்த்து டிசைன் இறக்கி, ஸ்டாண்டில் துணியை இழுத்துக் கட்டி, கழுத்துக்கும் ரெண்டு கைக்கும் சம்கி, ஜர்தோசி, கட் பீட்ஸ் என்று குனிந்தே மூன்று நாள் உட்காருகிறவளுக்கு 1,200 என்பது அநியாயம். அதிலும் நூலும் மணியும் உன் செலவு என்றால் இன்னும் அநியாயம். நீ கடிதத்தில் அதை எழுதவில்லை, முதலில் அதைக் கணக்குப் பார்.

ஒரு நோட்டு போடு. ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் எத்தனை மணி நேரம், எவ்வளவு பொருள், எந்தத் தேதியில் கொடுத்தாய், எந்தத் தேதியில் பணம் வந்தது. ரெண்டு மாதம் எழுதினால் உன் ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி விழுகிறது என்று உனக்கே தெரியும். அந்த நோட்டோடு கடைக்காரரிடம் பேசு. மொத்தமாக ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்பதை விட்டு, டிசைனுக்குத் தகுந்த மாதிரி கூலி கேள். கழுத்து மட்டும் என்றால் ஒரு விலை, கையில் முழு வேலை என்றால் வேறு விலை. பேசினதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பு, அதுவே சாட்சி. கடையைச் சட்டென்று விட்டுவிடாதே, சொந்த ஆர்டர் கொஞ்சம் சேரும் வரை ரெண்டும் ஓடட்டும்.

சொந்த ஆர்டருக்கு உன் பக்கத்துத் தெருக்களே போதும், காசிமேட்டிலும் ராயபுரத்திலும் முகூர்த்த மாதத்தில் ஜாக்கெட் தைக்காத வீடு எது? நீ செய்ததைப் படம் எடுக்கும்போது துணியின் பின்பக்கத்தையும் எடுத்துப் போடு. பின்பக்கம் நூல் தொங்காமல் முடிச்சு சுத்தமாக இருப்பதுதான் நல்ல ஆரி வேலைக்கு அடையாளம், விஷயம் தெரிந்தவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். முன்பணம் வாங்காமல் ஊசியை எடுக்காதே, சொந்தக்காரர்களாக இருந்தாலும்.

தனியாகப் பயமாக இருந்தால் தனியாகப் போகாதே. 1989ல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது அந்தப் பெண்களுக்கும் வங்கி வாசல் படி ஏறப் பயமாகத்தான் இருந்திருக்கும். 12 முதல் 20 பேர் சேர்ந்தால் ஒரு குழு, குழுவாகப் போனால் வங்கியில் கடன் பேசலாம், மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் ‘மதி’ என்ற பெயரில் பொருளை விற்கவும் கண்காட்சியில் கடை போடவும் வழி உண்டு. உன்னோடு ஆரி கற்றுக்கொண்டவர்கள் நாலைந்து பேர் இருப்பார்களே, அங்கிருந்து தொடங்கு. கைவினைக் கலைஞர்களுக்கு மத்திய அரசு ‘பெஹ்சான்’ என்று அடையாள அட்டை தருகிறது, எம்பிராய்டரி செய்கிறவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு முழுக்க இலவசம், யாராவது ஏஜென்ட் அதற்கு ஆயிரம் கேட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பு.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களும் தொழிலாளிகள்தான் என்று 1996லேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒப்பந்தம் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதில் கையெழுத்துப் போடவில்லை. அது மாறும் வரை உன் நோட்டுதான் உனக்குச் சட்டம்.

ஜாக்கெட்டை ஆரி வேலைக்குக் கொடுக்கிற மற்ற வாசகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கொடுக்கும்போது ‘இதை யார் செய்வாங்க, அவங்களுக்கு எவ்வளவு தருவீங்க’ என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. நாலு வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் யோசிப்பார்.

புழல் சிறைச் சந்தையில் பொருள் வாங்கலாமா? வீட்டில் கூடாது என்கிறார்கள்.
*– ஒரு வாசகர், மாதவரம்*

தாராளமாக வாங்குங்கள். கைதிகள் செய்கிற ரொட்டி, பிஸ்கட் நன்றாகவே இருக்கும். சிறையில் வேலை செய்கிறவர்களுக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும், அதில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்று 1998ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2023ல் புழலில் பெண் கைதிகள் நடத்துகிற பெட்ரோல் பங்க்கும் திறந்தார்கள். வெளியே வந்தபிறகு வேலை தர யாரும் முன்வராத பெண்களுக்கு உள்ளே இருக்கும்போதே கையில் ஒரு தொழில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் எடுத்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது. வயர் கூடை அழகாகப் பின்னுவார். அக்கம்பக்கத்தில் கேட்டால் வயர் காசு மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுகிறார். கூலி வாங்கினால் தப்பாக நினைப்பார்கள் என்கிறார். என்ன செய்வது?
*– மகன், வியாசர்பாடி*

யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அடி போட்டு, பக்கம் ஏற்றி, கைப்பிடி சுற்றி முடிப்பதற்குள் விரல் நுனி காய்த்துப் போகும், நகக்கண் வலிக்கும். சாதா முடிச்சுக்கு ஒரு கூலி, சிவன் கண் என்கிற பின்னலுக்கு அதைவிடக் கூட, நெல்லிக்காய் முடிச்சுக்கு அதைவிடவும் கூட, ஏனென்றால் அதில் வயரும் அதிகம் இழுக்கும் நேரமும் அதிகம். எத்தனை ரோல் வயரில் பின்னுகிற கூடை என்பதை வைத்து ஒரு விலைப்பட்டியல் எழுதி நீங்களே வீட்டு வாசலில் ஒட்டிவிடுங்கள், அப்போது அம்மா வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. பழைய கூடைக்குக் கைப்பிடி மாற்றுவதற்கும் தனி விலை போடுங்கள், அதுதான் அதிகம் வரும். வயர் வாங்கின பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், ரோல் விலை ஏறும்போது பட்டியலை மாற்ற உதவும். வருகிற பணம் அம்மாவின் கணக்கிலேயே போகட்டும்.

எனக்கும் ஒரு ரெண்டு ரோல் கூடை வேண்டும், சிவன் கண், பச்சையும் வெள்ளையும். விலையைப் பட்டியலில் போட்டபிறகு எழுதுங்கள், முன்பணம் அனுப்புகிறேன்.